பணிக்குப் பின் வந்த பட்டம்: கல்வியியல் முனைவர் பட்டமும் பள்ளித் தலைமையும்

யாருடைய நினைவில் இச்சொற்பொழிவு நடக்கிறதோ, அவர் பள்ளிக்காகவே உழைத்தவர். அவர் பெயரால் பள்ளித் தலைமையைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. நேராகப் பொருளுக்கு வருகிறேன்.

கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றவரின் பணிவாழ்வு எப்படி மாறுகிறது? இத்துறையில் நெடுங்காலமாக நடக்கும் வழக்கு இது. என் கட்சி எது என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். பட்டத்துக்குப் பின் என்ன பதவி வந்தது, சம்பளம் எவ்வளவு கூடியது என்று கணக்கெடுத்தால் போதும் என்பது என் துறை நண்பர்கள் சிலரின் கட்சி. பதவி கிடைப்பது பட்டத்தின் விளைவில் சிறு பகுதிதான் என்கிறேன் நான். ஆய்வுக் கேள்வி எங்கே பிறந்தது என்று பாருங்கள். பள்ளியில் பட்ட பாட்டிலிருந்து பிறந்திருந்தால், பதவி ஏற்றபின் அவர் செய்யும் வேலையே வேறாக இருக்கும். நூலகத்தில் தேடிப் பிடித்த தலைப்பு என்றால் பெயருக்கு முன்னால் ஒரு சொல் கூடும், அவ்வளவே.

சிகாகோவின் எலா ஃப்ளாக் யங்கை நான் அடிக்கடி சான்று காட்டுவதுண்டு. இன்று அவர் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். 1845இல் பிறந்தவர்; 1862இல், 17 வயதில், ஆசிரியரானார். பிறகு தலைமையாசிரியர். 1887இல் நகரப் பள்ளிகளின் துணைக் கண்காணிப்பாளர். மேலே ஒருவர் சிந்திப்பார், கீழே ஆசிரியர் நிறைவேற்றுவார் என்னும் முறை ஆண்டுக்காண்டு இறுகிவந்ததை அந்த நாற்காலியில் இருந்தபடியே பார்த்தார். புதிய கண்காணிப்பாளரின் போக்கோடு ஒத்துப்போக முடியாமல் 1899இல் விலகினார். அதற்கு முன்பே சிகாகோ பல்கலைக்கழகத்தில் தத்துவ அறிஞர் ஜான் டூயியின் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர், 1900இல், 55 வயதில், அவர் வழிகாட்டலிலேயே முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வேட்டின் பொருள் என்ன தெரியுமா? பள்ளி அமைப்பில் ஒவ்வொருவரும் தனித்துக் கிடப்பது. ஒரு வகுப்பின் வேலை அடுத்த வகுப்புக்குத் தெரிவதில்லை. ஆசிரியர் ஆணையை ஏற்கும் கருவியாகிறார். பள்ளிதோறும் ஆசிரியர் அவை வேண்டும், அவற்றின் பிரதிநிதிகள் கூடும் மைய அவையும் வேண்டும் என்று எழுதினார். நூலகம் மட்டும் இதைத் தந்திருக்காது. பள்ளிக்கூடத்தைப் பற்றி அவரிடம் தாம் கற்றது ஏராளம் என்று டூயியே வெளிப்படையாகச் சொன்னார். வழிகாட்டி மாணவரிடம் கற்பது எவ்வளவு அரிது என்பதை இந்த அவை அறியும்.

சில ஆண்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். 1905இல் சிகாகோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் முதல்வர். 1909இல் நகரப் பள்ளிகள் அனைத்துக்கும் கண்காணிப்பாளர். பெரிய அமெரிக்க நகரம் ஒன்றில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். அந்நாட்டுப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை வர இன்னும் 11 ஆண்டு இருந்தது. 1910இல் தேசியக் கல்விச் சங்கத்தின் முதல் பெண் தலைவரும் ஆனார்.

பட்டம் இல்லாமலே துணைக் கண்காணிப்பாளர் ஆனவர், அடுத்த படியும் ஏறியிருப்பார் என்பார்கள் நண்பர்கள். ஏறியிருக்கலாம். படிகளை மட்டும் எண்ணினால் அவர்கள் சொல்வதே சரி. ஏறியபின் அவர் செய்ததைப் பாருங்கள். ஆய்வேட்டில் எழுதிய ஆசிரியர் அவைகளை நகரமெங்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1913 டிசம்பரில் கல்வி வாரியம் அவரைக் கைவிட்டு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தபோது ஆசிரியர்களும் பெண்கள் சங்கங்களும் கொதித்தெழுந்தனர். விரைவிலேயே அவரே மீண்டும் பதவிக்கு வந்தார். 1915 வரை இருந்தார். ஆசிரியரைக் கலந்து ஆண்ட ஒருவருக்கு ஆசிரியர் தந்த ஆதரவு அது. இதைச் சம்பளப் பட்டியலில் எப்படிக் கணக்கிடுவீர்கள்?

யங்குக்குப் பின் இத்தகைய பட்டத்துக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிப் பணியாளருக்கென்றே தனி முனைவர் பட்டத்தை ஹார்வர்டு தொடங்கியது 1920இல்தான். காலப்போக்கில் அது மற்ற முனைவர் பட்டங்களின் நிழலாகிவிட்டது. 2005இல் கல்வி ஆய்வாளர் ஆர்தர் லெவின் அதை ஒழித்துவிடவே சொன்னார். கல்வியியல் முனைவர் பட்டத்தைச் சீரமைக்க 2007இல் தொடங்கிய கார்னெகி திட்டம் ஆய்வேட்டை நடைமுறைச் சிக்கலோடு பிணைக்க முயன்றது. 2010இல் ஹார்வர்டு தொடங்கிய புதிய பட்டத்தில் மூன்றாம் ஆண்டு முழுவதும் களப்பணி. யங் தாமாகவே நடந்த வழிக்கு இவர்கள் இப்போது பாதை போடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி பெரும்பாலும் பணிமூப்பால் வருவது. பட்டம் பெற்றவரும் பெறாதவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். பதவியை அளவுகோலாக்கினால் பட்டத்துக்கு விளைவே இல்லை என்றுதான் முடிவு வரும். இளம் ஆய்வாளர்கள் வேறு வழியில் தேடலாம். பகுதிநேரமாக ஆய்வு செய்யும் ஆசிரியர்களின் தலைப்புகளை அவர்கள் பள்ளிகளோடு ஒப்பிடுங்கள். பட்டம் பெற்றவர் தலைமையேற்ற பள்ளிகளில் ஆசிரியர் கூட்டப் பதிவேடுகளைப் புரட்டி, யார் பேசினார்கள், எந்தத் தீர்மானம் நிறைவேறியது என்று பாருங்கள். பட்டம் பெற்றதும் கல்லூரிக்குப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேளுங்கள். பெண் தலைமையாசிரியர்களைத் தனியே ஆராய வேண்டும். உதவிபெறும் பள்ளிகளில் நியமனம் நிர்வாகத்தின் கையில்; அங்கே நிலைமை வேறாக இருக்கலாம், அதையும் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.