நாற்பது பவுண்டு எடை



1725 மே 24 அன்று லண்டனின் டைபர்ன் தூக்குமேடைக்கு ஒருவர் வண்டியில் கொண்டுபோகப்பட்டார். வழிநெடுக நின்ற கூட்டம் அவர்மீது கல்லெறிந்தது. அவர் ஜோனதன் வைல்ட். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் தலைமைத் திருடர்பிடிப்பாளர் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டவர். திருடர் கூட்டத்தை வைத்து நடத்தியவர் அவர்தான். திருட்டுப் பொருளை உரியவரிடம் சேர்த்துப் பணம் வாங்கியவரும், பங்கில் முரண்டு பிடித்த கூட்டாளியைக் காட்டிக்கொடுத்து அரசிடம் சன்மானம் பெற்றவரும் அவர்தான். தன்னால் தண்டனை பெற்றவர்களின் பட்டியலை அச்சடித்து, தன் வழக்கின் ஜூரிகளிடமே விநியோகித்தும் பார்த்தார், பலிக்கவில்லை.

இந்த மனிதரை வளர்த்துவிட்டது ஒரு சட்டம். 1692இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய அச்சட்டப்படி, வழிப்பறிக்காரரைப் பிடித்துத் தண்டனை வாங்கித் தருபவருக்கு 40 பவுண்டு. பிடிபட்டவரின் குதிரையும் ஆயுதமும் கூடவே வந்துசேரும். சிறைக்கு வெளியே இருக்கும் கொள்ளையரே தம் சகாக்கள் இருவருக்குத் தண்டனை வாங்கித் தந்தால், அவருக்கு மன்னிப்பு. முறையான போலீஸ் படை இல்லாத காலம் அது. அரசுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு கூலித் தொழிலாளியின் ஓராண்டு வருமானத்தைத் தாண்டிய அந்தத் தொகைக்கு ‘ரத்தப் பணம்’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள்.

வைல்ட் தூக்கிலேறி இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1754இல், அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரிந்தது. லண்டனுக்கு அருகே டெட்ஃபோர்டில் சால்மன் என்ற கால்சட்டைத் தையல்காரரை இரண்டு இளைஞர்கள் வழிமறித்துக் கொள்ளையடித்தார்கள், உடனே பிடிபட்டார்கள், தண்டனையும் பெற்றார்கள். பிளாக்ஹீத் காவல் அதிகாரி ஜோசப் காக்ஸுக்குச் சந்தேகம் தட்டியது. அவர் துருவிப் பார்த்தபோது மொத்தமும் நாடகம் என்று வெளிப்பட்டது. ஆசைகாட்டி இளைஞர்களை அழைத்து வந்தவர், பறிகொடுத்த சால்மன், திருட்டுப் பொருளை விலைக்கு வாங்கியவர், பிடித்துக் கொடுத்தவர் எல்லோரும் ஒரே கும்பல். ஸ்டீபன் மக்டேனியல் அதன் முக்கியப் புள்ளி. அதே ஆண்டின் தொடக்கத்தில் இந்தக் கும்பலின் பொய்ச் சாட்சியால் ஜோஷுவா கிட்டன் என்ற சுமைதூக்கும் தொழிலாளி தூக்கில் தொங்கியிருந்தார். செய்யாத குற்றத்துக்கு அவர் உயிர் போனது. கும்பலுக்குப் பரிசுப் பணம் வந்தது.

கும்பலில் ஒருவர், தண்டனை மேடையில் நிறுத்தப்பட்டபோது கூட்டத்தின் கல்லடியிலேயே இறந்தார். பொய்ச் சாட்சியால் ஒருவரைத் தூக்கில் ஏற்றுவது கொலையாகுமா என்ற கேள்வியில் சட்டம் தடுமாறியதால், மற்றவர்கள் தூக்குக்குத் தப்பினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 40 பவுண்டு நீடித்தது. சில்லறைத் திருட்டில் இறங்கும் சிறுவனை விட்டுப்பிடித்து, தூக்குத் தண்டனைக்குரிய குற்றம் செய்யும்வரை காத்திருப்பது காவலர்களின் வழக்கமானது. அவன் நாற்பது பவுண்டு எடைக்கு வரட்டும் என்பது அவர்களிடையே புழங்கிய பேச்சு. 1816இல் காவலர் ஜார்ஜ் வாகன் போன்றவர்களே குற்றங்களை ஏற்பாடு செய்து பரிசு வாங்கியது அம்பலமான பிறகுதான், 1818இல் அந்தச் சன்மானத்தை நாடாளுமன்றம் ஒழித்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குற்றவாளியின் கைக்குப் பணம் போனது பலருக்கு அருவருப்பாக இருக்கலாம். ஆனால் கிட்டனைக் கொன்றது, அந்தப் பணம் இன்னொருவரின் தண்டனையோடு கட்டப்பட்டிருந்ததுதான். தீர்ப்பு வந்தால்தான் காசு என்றால், தீர்ப்பு வரவைக்கும் சாட்சி தயாராகிவிடும்.

பிராட்லி பிர்கன்ஃபெல்டின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். யூபிஎஸ் என்ற சுவிஸ் வங்கியில், பணக்கார அமெரிக்கர்கள் வரி ஏய்க்க உதவியவர் அவர். ஒரு வாடிக்கையாளருக்காகப் பற்பசை டியூபில் வைரத்தை மறைத்து எடுத்துச் சென்றவர். வங்கியின் தில்லுமுல்லுகளை அமெரிக்க அரசிடம் போட்டு உடைத்தவரும் அவரே. தன் முக்கிய வாடிக்கையாளர் ஒருவர் விஷயத்தை மறைத்ததற்காக 40 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 2012இல் வெளியே வந்த கையோடு வருமான வரித்துறை அவருக்கு 10.4 கோடி டாலர் சன்மானம் கொடுத்தது. கேட்பவருக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அந்தப் பணம் அரசுக்கு வந்துசேர்ந்த தொகையின் பங்காகக் கணக்கிடப்பட்டது. வங்கி 78 கோடி டாலர் கட்டியது. ஆயிரக்கணக்கான கணக்குகளின் விவரங்களைக் கொடுத்தது. பிர்கன்ஃபெல்டின் நாணயத்தை நம்பியா அந்தக் கணக்குகளைச் சரிபார்க்க முடிந்தது? ஆவணம் தனியே பேசியது.

நம் நாட்டில் வருமான வரி, சுங்கத் துறைகளின் துப்புச் சன்மானமும் மீட்ட வரியையும் பிடிபட்ட சரக்கையும் ஒட்டியே அமைந்திருக்கிறது. குற்ற வழக்குகளிலோ பணத்துக்குப் பதில் மன்னிப்பு. கூட்டாளி அப்ரூவராக மாறுகிறார். உயிரும் விடுதலையுமே அவருக்குச் சன்மானம். 1872இன் சாட்சியச் சட்டம் இதில் இரண்டு மனத்தோடு இருந்தது. வேறு ஆதாரம் இல்லாமல் அப்ரூவர் சொல்லை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் சட்டவிரோதம் ஆகாது என்றது ஒரு பிரிவு. அப்படிப்பட்டவர் நம்பத்தகாதவர் என்று நீதிமன்றம் கருதலாம் என்றது இன்னொன்று. 2023இன் பாரதிய சாட்சிய அதினியம், வேறு ஆதாரத்தால் உறுதிப்பட்ட சாட்சியம் என்றே எழுதி அந்த இடைவெளியை அடைத்திருக்கிறது. இதை வரவேற்க வேண்டும்.

உறுதிப்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலி சான்று. 1983இல் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் என்சோ தோர்த்தோராவை, சலுகை எதிர்பார்த்த குற்றக்கும்பல் ஆட்கள் போதைப்பொருள் வழக்கில் இழுத்துவிட்டார்கள். 1985இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை, மறு ஆண்டு மேல்முறையீட்டில் குற்றமற்றவர் என்று விடுதலை, 1988இல் மரணம். அதே நாட்டில்தான் மாபியாக்காரர் தொம்மாசோ புஷெத்தாவின் வாக்குமூலத்தை நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனே வங்கிக் கணக்குகளோடும் பிற ஆதாரங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1987இல் பலேர்மோ மாபியா வழக்கில் நூற்றுக்கணக்கானோர் தண்டனை பெற்றார்கள். சாட்சிகள் இரு வழக்கிலும் குற்றவாளிகளே. சரிபார்த்தவர்களின் உழைப்பில்தான் வேறுபாடு.

இம்மாநாட்டின் அமர்வுகள் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. அப்ரூவருக்கு மன்னிப்பு வழங்கும் மாஜிஸ்திரேட் அதன் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். எதிரி கேட்டால் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. போலீஸின் ரகசிய நிதியிலிருந்து துப்பாளிக்குப் போகும் பணத்துக்கு இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. துப்பு கொடுப்பவரின் பெயரைக் காப்பது அவர் உயிரைக் காப்பது. அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் பணம் வாங்கிய ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறும் நாளில், எவ்வளவு வாங்கினார், எதற்காக வாங்கினார் என்பது நீதிபதிக்கும் எதிரித் தரப்புக்கும் எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான சட்ட வரைவு ஒன்றை இந்த அவை நிறைவு நாளுக்குள் உருவாக்கித் தர வேண்டும் என்ற வேண்டுகோளோடு மாநாடு தொடங்குகிறது.