45 விழுக்காடு: எதில் குறைப்பு?



பருவநிலை பற்றிப் பேசுவதற்கு மொழிக்குழுவின் மேடை எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். ஒரு சொல்லின் பொருட்டே இவ்வுரைக்கு இசைந்தேன். 2030ஆம் ஆண்டுக்குள் மலேசியா தன் கரிம வெளியேற்றத்தை 45 விழுக்காடு குறைக்கும் என்று தமிழில் எழுதியும் பேசியும் வருகிறோம். நானும் அவ்வாறு பேசியவன்தான். அந்த வாக்கியம் பிழையானது.

நாடு உண்மையில் அளித்துள்ள உறுதிமொழி வேறு. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் வெளியேறும் கரிமம், 2005ஆம் ஆண்டின் அளவைவிட 45 விழுக்காடு குறையும் என்பதே அது. ஒரு நாசி லெமாக் கடையை எண்ணிப் பாருங்கள். 100 ரிங்கிட் வருமானத்திற்கு 10 கிலோ எரிவாயு செலவிட்ட கடைக்காரர், நல்ல அடுப்பு வாங்கி அதனை ஐந்தரைக் கிலோவாகக் குறைத்துவிட்டார். 45 விழுக்காடு குறைந்துவிட்டது, பாராட்டத் தக்கதே. ஆயினும் இன்று அவருடைய வருமானம் 300 ரிங்கிட். எரியும் வாயு பதினாறரைக் கிலோ. நாட்டுக்கும் இக்கணக்கே பொருந்தும்: உற்பத்தி இரு மடங்கானால், இலக்கை முழுமையாக எட்டிய பின்னரும் மொத்த வெளியேற்றம் 10 விழுக்காடு கூடியே இருக்கும். வானத்தைச் சென்றடைவது வீதமன்று, மொத்தம்.

இதனை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. தொழில்வளம் பெற்ற நாடுகள் இரு நூற்றாண்டுகளாக எரித்த நிலக்கரியின் சுமையை, வளர முயலும் நாடுகள் அதே அளவில் சுமக்க இயலாது. 1992இல் ரியோவில் கையெழுத்தான உடன்படிக்கை, பொறுப்பு பொதுவானது, அதன் அளவு வெவ்வேறானது என்று ஏற்றுக்கொண்டது. 1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கையும் வளரும் நாடுகளுக்குக் குறைப்புக் கடப்பாடு எதனையும் விதிக்கவில்லை. 2015இல் பாரிஸ் உடன்பாடு வந்தபோதுதான் எல்லா நாடுகளும் தத்தம் உறுதிமொழியைத் தாமே எழுதித் தரும் முறை ஏற்பட்டது. எழுதித் தருவது கடமை; எட்டத் தவறினால் தண்டனை இல்லை. ஆகவே உறுதிமொழிக்குக் காவல் நிற்க வேண்டியவர்கள் அந்நாட்டு மக்களே. புரியாத ஒன்றுக்கு எவர் காவல் நிற்பார்?

மலேசியாவின் சொற்கள் காலந்தோறும் மாறியே வந்துள்ளன. 2009இல் கோபன்ஹேகனில், தொழில்நுட்பமும் நிதியும் கிடைத்தால் 2020க்குள் 40 விழுக்காடு வரை என்றது. 2015இல், 35 விழுக்காடு நம் முயற்சியால், மேலும் 10 விழுக்காடு வெளியுதவி கிட்டினால் என்றது. 2021இல் அந்த "கிட்டினால்" நீங்கியது. முழு 45 விழுக்காடும் நிபந்தனையற்றதாயிற்று. கணக்கில் சேரும் வாயுக்களும் மூன்றிலிருந்து ஏழாயின. ஒரு சிறு நிபந்தனைச் சொல் அகன்றதால் நாட்டின் பொறுப்பு எவ்வளவு கனத்தது பாருங்கள்! ஆனால் அன்றும் வீதமே இலக்காக நீடித்தது.

அண்டை நாடான சிங்கப்பூரும் 2015இல் வீதத்தையே இலக்காக அறிவித்தது, 36 விழுக்காடு. 2020இல் அதனை மாற்றி, மொத்தம் 6.5 கோடி டன் என்ற உச்ச வரம்பைக் கூறியது. 2022இல் அது ஏறத்தாழ 6 கோடி டன்னாக இறங்கியது. டன் என்று சொல்லிவிட்டால் பொருள் மயக்கத்திற்கு இடமே இல்லை.

இனி, நம் சொல்லுக்கு வருகிறேன். சிலர் "உமிழ்வின் தீவிரம்" என்கின்றனர். அது புயலை நினைவூட்டுகிறது. "செறிவு" அழகிய சொல்தான். எனினும் காற்றில் கலந்துள்ள கரியமில வாயுவின் அளவைக் குறிக்க அது ஏற்கெனவே வழங்குகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவர் குழம்புவர். "உமிழ்வு வீதம்" என வழங்கலாம் என்பது என் கருத்து. முதன்முறை எழுதும்போது "ஒரு ரிங்கிட் உற்பத்திக்கு" என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செய்தித் தலைப்பில் அதற்கு இடம் போதாது என்று இதழாசிரிய நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். இடமில்லையெனில் 45 என்ற எண்ணையும் செய்திக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும்.