ஊரார் நடத்தும் படக்கொட்டகை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரை)

ஆயர் ஈத்தாம் போன்ற ஓர் ஊரில், சம்பளம் வாங்காத தொண்டர்களே சேர்ந்து ஒரு சிறிய படக்கொட்டகையை நடத்த முடியுமா என்பதுதான் இன்றைய கேள்வி. முடியும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலாயாத் தோட்டங்களில் தமிழர்கள் அதைச் செய்து காட்டியவர்கள்.

1946இல் மலாயன் ஃபிலிம் யூனிட் தொடங்கப்பட்டது. அதன் படங்களை அரசாங்க வேன்கள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டு போயின. தமிழிலும் விளக்கவுரை உண்டு. 1948இல் அவசரகாலம் வந்தபின் அந்த வேன்களுக்கு வேலை கூடியது. அரசாங்கம் தன் செய்தியைச் சொல்லப் படம் காட்டியது. மக்கள் படத்துக்காகச் செய்தியையும் பொறுத்துக்கொண்டார்கள்.

திருவிழாக் காலத்தில் தோட்டத்துத் திடலில் ஓடிய தமிழ்ப் படங்களின் கதையே வேறு. அவை ஊராரின் சொந்த ஏற்பாடு. கோயில் கமிட்டி வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, 16 மில்லிமீட்டர் படச்சுருளையும் இயந்திரத்தையும் வாடகைக்கு எடுத்துவரும். இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவது இளைஞர்கள் பொறுப்பு. ஜெனரேட்டரைச் சத்தம் கேட்காத தூரத்தில் வைக்க வேண்டும். ஒரே இயந்திரம் என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் படம் நின்றுவிடும். கச்சாங் பூத்தே விற்பவருக்கு அதுதான் நல்ல நேரம். இடம் கிடைக்காமல் துணிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு எல்லாம் இடவலம் மாறித் தெரியும். கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான். அதற்காக யாரும் எழுந்து போனதில்லை.

1963 டிசம்பர் 28இல் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. எண்பதுகளில் வீடியோ நாடா வந்தது, 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆயர் ஈத்தாம் பக்கத்தில் 1970 வாக்கில் எழுந்த ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகளை எல்லோரும் அறிவர். படம் வீட்டுக்குள் வந்தது, சரி. இப்போது ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று திரைகளைப் பார்க்கிறார்கள்.

பினாங்குப் பேரங்காடிகளில் திரையரங்குகள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். பேரங்காடியில் புதுப்படம் ஓடும். பழைய தமிழ்ப் படமோ, உள்ளூர் மாணவர் எடுத்த குறும்படமோ, ஆவணப்படமோ அங்கே அபூர்வம். முட்டிவலிக்காரப் பாட்டி அங்கே தனியே போவதும் நடவாது.

பணம் பெரிய தடையல்ல. கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் ஒடேஸா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சாப்ளினின் 'தி கிட்' படத்தை ஊர் ஊராகக் காட்டி, பொதுமக்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டியே 1986இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார்கள். ஆயர் ஈத்தாமுக்குத் தேவை ஒரு புரொஜெக்டர், ஒரு ஒலிபெருக்கி, ஒரு மண்டபம், ஐம்பது நாற்காலி. நியூசிலாந்தின் வைஹெக்கி தீவில் உள்ள சமூகத் திரையரங்கு பழைய சோபாக்களையே இருக்கையாகப் போட்டுப் பெயர் வாங்கியது.

உண்மையான தடை காகிதத்தில் இருக்கிறது. கடையில் வாங்கிய வட்டு வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே; பொதுவில் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும். அடுத்தது தணிக்கை. 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, தணிக்கை வாரியம் அங்கீகரிக்காத படத்தைக் காட்டுவது குற்றம். மூன்றாண்டு வரை சிறையோ 30,000 வெள்ளி வரை அபராதமோ விதிக்கலாம். இது ஏட்டளவில் கிடக்கும் சட்டமல்ல. இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் காட்டியதற்காக லீனா ஹெண்ட்ரி மீது வழக்குத் தொடரப்பட்டது. 2016இல் விடுதலையானார், மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாறியது, 2017இல் 10,000 வெள்ளி அபராதம். கோயில் மண்டபத்தில் ஐம்பது பேருக்குப் படம் போட நினைப்பவரை இப்படியொரு சட்டம் தயங்க வைக்கும். சிறு சங்கங்களுக்கென்று எளிய விதிவிலக்கு கேட்பது நியாயமான கோரிக்கை. அது கிடைக்கும் வரை, அங்கீகரித்த படங்களை மட்டுமே எடுத்து, கடிதங்களைக் கோப்பில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மற்றொன்று ஆள்பலம். இத்தகைய முயற்சிகள் பார்வையாளர் குறைந்து படுப்பதைவிட, இரண்டு பேர் தலையிலேயே எல்லாம் விழுந்து படுத்துவிடுவதுதான் அதிகம். கதவு திறப்பவர் யார், இயந்திரத்தை இயக்குபவர் யார், முடிந்தபின் கூட்டிப் பெருக்குபவர் யார் என்று மாதா மாதம் முறை மாற்றி எழுதிவைக்க வேண்டும். பன்னிரண்டு பெயர் சேராவிட்டால் தொடங்கவே வேண்டாம்.

சேர்ந்தால், மாதம் ஒரு சனிக்கிழமை போதும். பி. ரம்லி 1929இல் இதே தீவில் பிறந்தவர். அவருடைய 'பூஜாங் லாப்போக்' படத்துக்குத் தமிழில் வசன வரிகள் போட்டு, முறையான அனுமதியுடன் முதல் வாரம் காட்டலாம். பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சீனரும் நாற்காலி தூக்க வருவார்கள்.