திறக்க ஒன்று, பூட்ட ஒன்று
(ஆண்டுக் கூட்ட உரையின் சுருக்கம்)



"அமெரிக்காவில் என்னப்பா வேலை?" என்று காலையிலிருந்து பலர் கேட்டுவிட்டீர்கள். வீடற்றோர் காப்பகங்களின் கணினிப் பதிவுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் வேலை. அங்கேயும் வீடில்லாதவங்களா என்று வியக்க வேண்டாம். 2024 ஜனவரியில் எடுத்த ஓரிரவுக் கணக்கில் 7,71,480 பேர்.

காப்பகம், இலவசச் சாப்பாட்டுக் கூடம், மருத்துவ நிலையம் என்று இடத்துக்கு ஒரு மென்பொருள். போகிற இடமெல்லாம் பெயர், வயது, நோய், வீடு போன கதை எல்லாம் முதலிலிருந்து சொல்லணும். நொந்த மனுஷனுக்கு அதுவே தண்டனை.

மத்திய வீட்டுவசதித் துறை 2004-இல் பொதுத் தகவல் நெறிகளை வெளியிட்டது. எதைக் கேட்பது, எப்படிக் குறிப்பது என்பதற்கு ஓர் ஒழுங்கு வந்தது. ஆனால் கோப்பை ஏற்றி இறக்குவதற்குள் ராத்திரி போயிடும். காலிப் படுக்கை விவரம் அந்த நிமிஷமே வேணும். அதற்குத்தான் பொது இடைமுகம், நம் பிள்ளைகள் சொல்லும் ஏ.பி.ஐ. யாருடைய மென்பொருளும் ஒரே முறையில் கேட்கலாம். ஒரே முறையில் பதில் வரும். சேவைப் பட்டியலுக்கு 'ஓப்பன் ரெஃபரல்' என்ற முயற்சி ஒரு திறந்த வடிவம் வகுத்திருக்கிறது.

அப்போ எல்லாத்தையும் திறந்துவிடலாமா? கூடாது. எங்கே இடம் காலி, எத்தனை மணிவரை சேர்ப்பார்கள் என்பது ஊருக்கே தெரியட்டும். யார் வந்தார், என்ன நோய் என்பது அவர் சம்மதமின்றி நகரக் கூடாது. கணவன் அடிக்குப் பயந்து ஓடிவந்த பெண்ணின் பெயர் பொதுப்பதிவில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. அரசு மானியம் பெறும் அத்தகைய காப்பகங்கள் அதில் பதியக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது.

இளைய பொறியாளர்களே, எதைத் திறப்பது என்று எழுதும் நாளிலேயே எதைப் பூட்டுவது என்றும் எழுதிவிடுங்கள்.