ஊசி போட்டீங்களா?



மங்களூரில் கருத்தரங்கு என்றதும் சென்னை நண்பர் ஒருவர், "ரயிலில் ஒரு ராத்திரி ஆகுமே" என்றார். அவர் நினைத்தது கர்நாடகத்து மங்களூரை. விருத்தாசலத்துக்கு மேற்கே மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற நம் கடலூர் மாவட்டத்து மங்களூர் அவர் நினைப்பில் வரவேயில்லை. ஆரம்ப சுகாதாரத்தைப் பற்றிப் பேச அப்படிப்பட்ட ஊர்தான் பொருத்தமான இடம்.

பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர். சூளையிலிருந்து இறக்கிய சாமானைச் சுண்டிப் பார்ப்பது அவர்கள் பழக்கம். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் எங்கோ கீறல். சந்தேகம் வந்தால் மையைத் தடவித் துடைத்துப் பார்க்கலாம். கீறல் இருந்தால் மை அதில் தங்கிவிடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமிக்கான சோதனைக்கும் இதேபோல இரண்டு படி உண்டு. விரல்நுனி ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்ப்பது, சுண்டிப் பார்ப்பது மாதிரி. இந்தக் கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மருந்தில்லாமலே அது போய்விடும். ஆனால் எதிர்ப்பொருள் பல ஆண்டு நிற்கும். கிருமி இன்றும் இருக்கிறதா என்பதை வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடும் இரண்டாம் சோதனைதான் சொல்லும். மை அதுதான்.

நம் ஊரில் கல்லீரல் நோய் என்றால் மஞ்சள் காமாலை. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி. கீழாநெல்லியை நான் கேலி செய்யவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பெற்ற பாரூக் பிளம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி.தியாகராஜன் குழுவோடு சேர்ந்து இதே செடியைப் பற்றி 1988இல் 'லான்செட்' இதழில் கட்டுரை எழுதினார். அவர் பிறந்த நாளான ஜூலை 28தான் இப்போது உலகக் கல்லீரல் அழற்சி நாள். ஆனால் ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் கண்ணை மஞ்சளாக்குவதில்லை. இருபது, முப்பது வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, வயிறு வீங்கி நீர் கோத்த பிறகுதான் தன்னைக் காட்டும். காமாலை வந்தால் வருகிறேன் என்று காத்திருப்பவரை நாம் தவறவிட்டுவிடுவோம்.

அப்படியானால் எல்லோரையும் சோதித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2020 முதல் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே பொதுப் பரிந்துரை. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரில் மூன்று பேருக்கு எதிர்ப்பொருள் இருக்கிறது என்று கொள்வோம். நம் நாட்டின் நிலை கிட்டத்தட்ட அதுதான். நோயில்லாதவரில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகக் காட்டும் நல்ல கருவியே நம் கையில் இருக்கட்டும். ஆயிரம் பேரைச் சோதித்தால் சுமார் பதின்மூன்று பேருக்கு 'இருக்கிறது' என்று வரும். அவர்களில் பத்துப் பேருக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பத்துப் பேரும் அன்று ராத்திரி தூங்க மாட்டார்கள். சில வீடுகளில் டம்ளர் தனியாகும், தட்டு தனியாகும். இந்தக் கிருமி சோற்றிலும் தண்ணீரிலும் தொடுவதிலும் பரவாது என்று நாம் மறுநாள் போய்ச் சொன்னாலும் அந்த டம்ளர் பழைய அலமாரிக்குத் திரும்புவது சந்தேகம்.

அதனால் என் கட்சி இது: கருவிக்கு முன்னால் கேள்வி. ஓ.பி. சீட்டு எழுதும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடலாம். ரத்த வங்கிகளில் இந்தக் கிருமிக்கான சோதனை 2001இல்தான் கட்டாயமானது. அதற்கு முன்னால் பிரசவத்திலோ விபத்திலோ ரத்தம் ஏற்றிக்கொண்டதுண்டா? டயாலிசிஸ் நடக்கிறதா, நடந்ததா? மூன்றாவதைக் கேட்பது கொஞ்சம் கஷ்டம். ஊசி எங்கெல்லாம் போட்டுக்கொண்டீர்கள்?

நம் ஜனங்களுக்கு ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், "ஒரு ஊசி போட்டு விடுங்க சார்" என்று நிற்பார்கள். நாம் போடாவிட்டால் போடுகிறவர் தெருக்கோடியில் இருப்பார். அவர் ஒரே ஊசியை எத்தனை பேருக்குப் போட்டார் என்பது அவருக்கும் நினைவிருக்காது. பச்சை குத்திக்கொண்டதையும் இதே மூச்சில் கேட்டுவிடலாம்.

போலி வைத்தியரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. எகிப்தில் 1950களிலிருந்து நத்தைக் காய்ச்சலை ஒழிக்க அரசாங்கமே ஊர் ஊராகப் போய் ஊசி போட்டது. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசிகள் வழியே ஹெபடைடிஸ் சி ஒரு தலைமுறைக்கே பரவியது. நல்ல எண்ணத்தோடு செய்த வேலை அது. அந்தக் கிருமியை உலகம் அடையாளம் கண்டதே 1989இல்தான். பிற்பாடு அதே எகிப்து கோடிக்கணக்கானவர்களைச் சோதித்து, மருந்தும் கொடுத்து, 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டைப் பெற்றது. அங்கே எல்லோரையும் சோதித்தது சரி, ஏனென்றால் அங்கே நோய் அவ்வளவு மலிந்திருந்தது.

மருந்து விஷயத்தில் நமக்குக் குறையில்லை. சோபோஸ்புவிர், டக்ளடாஸ்விர் மாத்திரைகளை 12 வாரம் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணம். அமெரிக்காவில் வெளிவந்தபோது சோபோஸ்புவிர் மட்டுமே 12 வாரத்துக்கு 84,000 டாலர். நம் நாட்டில் 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். ஆனாலும் ஆள் தொலைகிறார். எங்கே? முதல் சோதனைக்கும் இரண்டாம் சோதனைக்கும் நடுவில். 'கடலூருக்குப் போய் வைரல் லோடு பார்த்து வாருங்கள்' என்று சீட்டெழுதும்போது நாம் ஒருவருடைய ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் சேர்த்தே எழுதுகிறோம். அவர் போகமாட்டார். உடம்பில் வலி இல்லையே!

ஆள் போவதற்குப் பதில் ரத்த மாதிரி போகட்டும். காசநோய்ச் சளியைச் சோதிக்க நம்மிடம் உள்ள ட்ரூநாட் கருவியில் ஹெபடைடிஸ் சி வைரஸையும் பார்க்க முடியும். அதற்கான சிப் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடிப் போகும் பணியாளருக்குக் கூடுதலாக ஒரு பெட்டியைத் தூக்கச் சொல்லும் முன், அந்த மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம். பதிலை வாசலில் வைத்துக் கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்து.

இன்று மாலைக்குள் இந்த அவை எனக்கு ஒன்று செய்து தர வேண்டும். மூன்றாவது கேள்வியைக் கேட்பவர் போலீஸ்காரர் மாதிரித் தெரியாமல், பதில் சொல்பவருக்குக் கூச்சமும் இல்லாமல், நம் வட்டாரத்துப் பேச்சில் எப்படிக் கேட்பது? வந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கு அது எங்களைவிட நன்றாகத் தெரியும். அதனால் முதல் அமர்வைப் பேராசிரியர்களுக்குத் தராமல் அவர்களுக்கே தந்திருக்கிறோம். வாருங்கள், மேடைக்கு வாருங்கள்.