முகாமில் பாய் விரிக்கும்போது



சாரணர் முகாமுக்கோ இயற்கை முகாமுக்கோ பிள்ளைகளை உதகைக்கு அழைத்துச் செல்கிறோம். டிசம்பர், ஜனவரியில் அங்கே பள்ளமான புல்வெளிகளில் உறைபனி படியும். வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இறங்கும். சமவெளிப் பிள்ளை ஒரு கோரைப்பாயும் இரண்டு போர்வையும் கொண்டுவருவான். பாயை விரித்து, இரண்டு போர்வையையும் மேலே போர்த்திக்கொள்வான். நடுராத்திரியில் முதுகு சில்லிட்டு எழுந்து உட்காருவான். இன்னொரு போர்வை கொடுத்தால் அதையும் மேலேதான் போட்டுக்கொள்வான்.

அவன் சூட்டைக் களவாடுவது தரை. வகுப்பில் நாம் நடத்தும் வெப்பக் கடத்தல்தான். போர்வை சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்று, உடம்பின் சூடு வெளியேறாமல் தடுக்கிறது. உடம்பின் எடையில் நசுங்கினால் அந்தக் காற்று போய்விடும். ஆகவே, கீழே நசுங்காத பொருள் வேண்டும். மளிகைக் கடை அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பாருங்கள்: இரண்டு தாளுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு தாள், அதற்குள் காற்று. இரண்டு மூன்று அடுக்கு போட்டு, மேலே பாய் விரித்தால் போதும். வைக்கோல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஈரம் ஏறாமல் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. காற்றடைத்த மெத்தை இருக்கிறதே என்பார்கள். அதன் பெரிய அறைக்குள் காற்று சுழன்று, சூட்டைத் தரைக்குக் கொண்டுபோகும். அதன்மேல் தடித்த கம்பளி விரிக்காமல் படுக்க விடாதீர்கள்.

காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பகலெல்லாம் நடந்து வியர்த்த பனியனோடும் காலுறையோடும் தூங்கக்கூடாது. தலைக்குக் குல்லா போடட்டும். முகத்தை மூட வேண்டாம். மூச்சின் ஈரம் போர்வையை நனைத்துவிடும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூடாரத்துக்குள்ளோ தூங்கும் அறைக்குள்ளோ கரியடுப்பு கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிற பிள்ளை தூக்கத்திலேயே போய்விடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்று எங்கே போனாலும் கேட்கிறார்கள். போதாது.

முகாமுக்கு முந்தைய வாரம் வகுப்பில் ஒன்று செய்யுங்கள். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஒரே அளவு வெந்நீர். ஒன்று சிமெண்டுத் தரையில், மற்றது அட்டைமேல். கால்மணி நேரம் கழித்து வெப்பநிலைமானி வைத்துப் பார்க்கட்டும். பார்த்த பிள்ளைகள் அட்டையைத் தாங்களே தேடிக் கொண்டுவருவார்கள்.

முகாமில் விடியலுக்குச் சற்று முன்புதான் குளிர் உச்சம். 4 மணிக்கு எழுந்து ஒரு சுற்று வாருங்கள். குளிருகிறது என்று கூச்சத்தில் சொல்லாத பிள்ளைகள் இருப்பார்கள். நடுங்குகிறவனுக்கு உலர்ந்த துணியும், சூடாகக் குடிக்க ஏதாவதும் கொடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவன் நடுக்கம் நின்று, பேச்சும் குழறினால், பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.