கட்டுச்சோற்றின் கணக்கு



பரீட்சை முடிந்து பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கி எறிந்த மறுநாளே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். எங்கே போகலாம்? மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குச் சித்திரைத் திருவிழா இருக்கிறது. திருச்சி, தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கல்லணையும் முக்கொம்பும். தர்மபுரி, சேலம் பக்கம் ஒகேனக்கல், ஏற்காடு. சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம். வெயில் உச்சத்தில் நிற்கும் மாதங்களில்தான் நமக்கு விடுமுறையும் வருகிறது, திருவிழாவும் வருகிறது. ஆகவே வெயிலுக்குப் பயந்து வீட்டோடு இருப்பது நம் ஊரில் நடக்காது. வெயிலோடு போய் வெயிலோடு திரும்பி, ஒருவருக்கும் வயிறு கெடாமல், மயக்கம் வராமல் வந்து சேர வேண்டும். அதற்கென்றே நம் வீடுகளில் வளர்ந்த கலை ஒன்று உண்டு. கட்டுச்சோறு கட்டுவது.

கட்டுச்சோறு என்றதும் எல்லோரும் ருசியைப் பேசுகிறார்கள். ஆற்றங்கரை, வாழையிலை வாசம், பாட்டி கைமணம். அந்த ருசி எனக்கும் பிடிக்கும். ஆனால் என் பார்வையில் கட்டுச்சோறு முதலில் ஒரு பாதுகாப்புக் கலை. ருசி அதற்குப் பிறகுதான். எந்தப் பண்டம் எத்தனை மணிக்குள் தின்று தீர வேண்டும் என்ற கணக்கு அந்த மூட்டைக்குள் இருக்கிறது. மூட்டையை இன்றும் கட்டுகிறோம். கணக்கை மறந்துகொண்டு வருகிறோம். அதுதான் என் கவலை.

சமைத்த உணவில் கிருமி பெருகத் தோதான வெப்பம் 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்று அமெரிக்க வேளாண் துறை இன்னும் கறாராகச் சொல்கிறது. மே மாதத்து வேலூரிலும் மதுரையிலும் கரூரிலும் வெயில் 40 டிகிரியைத் தொடும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கிக்குள் அதையும் தாண்டும். அப்படியானால், நம் முன்னோர் விடியற்காலை நாலு மணிக்குச் சோறு வடித்து, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், உச்சிப்பொழுதில் வைகைக் கரையில் பிரித்துச் சாப்பிட்டார்களே, அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

புளியோதரையை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு வேலை உண்டு. முதல் நாளே புளிக்காய்ச்சல். கெட்டியாகக் கரைத்த புளியை நல்லெண்ணெய், மஞ்சள், வெந்தயம், பெருங்காயம், மிளகாய், உப்பு எல்லாம் சேர்த்துக் கொதிக்க விட்டுச் சுண்டக் காய்ச்ச வேண்டும். எண்ணெய் பிரிந்து மேலே நிற்க வேண்டும். நீர் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நீர் போய், புளிப்பும் உப்பும் செறிந்த இடத்தில் கிருமி பிழைப்பது கஷ்டம். அதனால்தான் காய்ச்சலை ஈரக் கரண்டி போடாமல் வைத்திருந்தால் வாரக்கணக்கில் இருக்கும்.

இரண்டாவது வேலை சோறு. உதிரியாக, ஒரு பதம் குறைவாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆற வைப்பார்கள். இந்தப் பரப்பி ஆற்றுவதை ஏதோ குழையாமல் இருப்பதற்கு என்று மட்டும் நினைக்கிறோம். உண்மையில் சோற்றின் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்றொரு நுண்ணுயிர் அரிசியில் இயல்பாகவே இருக்கும். அதன் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் குவிந்து கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி எடுக்க வைக்கும் அந்த நஞ்சு, பிறகு எவ்வளவு சுட வைத்தாலும் போகாது. பரப்பிய சோறு சீக்கிரம் ஆறுகிறது. உடனே புளிப்பு ஏறுகிறது. கிருமிக்கு நேரம் கிடைப்பதில்லை. சூடு தணியாமல் மூடிக் கட்டினால் ஆவி நீராகி உள்ளேயே சொட்டும், சோறு நசநசத்துப் போகும். ‘ஆறவிட்டுக் கட்டு’ என்று பெரியவர்கள் அதட்டியதில் இத்தனை விஷயம் இருக்கிறது.

இங்கே ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். ‘புளிச்சோறு கெடவே கெடாது’ என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கெடாதது காய்ச்சல்தான். சோற்றில் கலந்த பிறகு அதுவும் சோறுதான். புளி குறைவாகப் போட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். இரண்டு நாள் பயணமா? காய்ச்சலைத் தனியே சீசாவில் எடுத்துக்கொண்டு போய், தங்கும் இடத்தில் புதிதாகச் சோறு வடித்துக் கலந்துகொள்ளுங்கள்.

தயிர்சோறு இன்னும் நுட்பமானது. பயணத்துக்குக் கட்டும் தயிர்சோற்றில் தயிர் கொஞ்சம்தான் இருக்கும். சோற்றைக் குழைய மசித்து, காய்ச்சிய பாலை ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நல்ல தயிராகப் பார்த்து ஒரு கரண்டி உறை விடுவார்கள். வண்டி ஓட ஓட அது உள்ளே உறைந்துகொண்டே வரும். விடியற்காலையில் பாலாக இருந்தது உச்சிவேளையில் அளவான புளிப்போடு தயிராகியிருக்கும். தயிரின் நல்ல கிருமிகள் முந்திப் பெருகிப் புளிப்பை ஏற்றிவிடுவதால் கெட்டவற்றுக்கு இடம் குறைகிறது. வெளியே அடிக்கும் வெயிலையே வேலை வாங்கும் பண்டம் இது. கோடைச் சமையலில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஒன்றை நான் கண்டதில்லை. ஆனால் அது கை சுத்தத்தை நம்பி நிற்கிறது. பால் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும், உறைத் தயிர் புதியதாக இருக்க வேண்டும், மசிக்கும் கையும் கரண்டியும் கழுவியிருக்க வேண்டும். மாதுளை, திராட்சை, வெள்ளரிக்காய் எல்லாம் சாப்பிடும் இடத்தில் சேர்க்க வேண்டியவை. முன்பே நறுக்கிப் போட்டால் நீர் விடும், அதோடு அழுக்கும் சேரும்.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து வேக வைத்த அந்த இட்லிக்குச் சட்னி தேவையே இல்லை. வீட்டில் பயணத்துக்குக் கட்டும் மிளகாய்ப்பொடி இட்லியும் அதே வழியில் வந்ததுதான்: இரண்டு பக்கமும் எண்ணெயும் பொடியும் தடவிவிட்டால் ஈரமான தொடுகறியே வேண்டாம். தேங்காய்ச் சட்னியைப் பயணத்தில் ஒதுக்கியவர்கள் சிக்கனத்துக்காக ஒதுக்கவில்லை. தேங்காய் அவ்வளவு சீக்கிரம் ஊசிப்போகும். தேங்காய்ச்சோறு கட்டினால்கூட மற்றச் சோறுகளுக்கு முன்பே அதைத் தீர்ப்பார்கள். காலையில் இட்லி, வழியில் தேங்காய்ச்சோறு, மதியம் தயிர்சோறும் புளியோதரையும், சாயங்காலம் முறுக்கும் கடலை உருண்டையும். எது முதலில் கெடுமோ அது முதலில் வயிற்றுக்குள் போய்விடும்.

இன்று நாம் கட்டிக்கொண்டு போவது என்ன? பெரிய அண்டாவில் சுடச்சுட மூடிய கோழி பிரியாணி. வெளிப்பக்கம் ஆறியிருக்கும், நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு. முட்டை, பனீர், கிரீம் வைத்த பன். வழியில் வாங்கிய பொட்டலத்தில் மயோனைஸ். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை விதித்தது நினைவிருக்கும். கறி சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிற ஊரில் கண்ணெதிரே கொதிக்கக் கொதிக்க இறக்குகிற கடையில் சாப்பிடுங்கள். கட்டிக்கொண்டு போகத் தோதான பண்டம் அது இல்லை.

பாத்திரத்திலும் கவனம் வேண்டும். பித்தளைத் தூக்குக்கு உள்ளே ஈயம் பூசினார்கள். பூச்சு போன பித்தளையில் புளியை வைத்தால் களிம்பு ஏறும். இன்று எவர்சில்வர் தூக்கு இருக்கிறது, நிம்மதி. அலுமினியத் தாளில் புளிச்சோற்றைச் சுற்றாதீர்கள், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது தணலில் வாட்டிய வாழையிலைதான். மடித்தால் கிழியாது, மேலே இருக்கும் கிருமியும் குறைகிறது, குப்பை என்று ஆற்றில் மிச்சம் நிற்பதுமில்லை.

சோற்றை விடத் தண்ணீர் முக்கியம். அந்தக் காலத்தில் திருகு மூடி போட்ட கூஜா இல்லாமல் யாரும் ரயில் ஏற மாட்டார்கள். வீட்டில் காய்ச்சி ஆறிய தண்ணீர் கூடவே வரும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடிக்க வேண்டும். குழந்தைகளுக்கு நினைவூட்டிக் கொடுக்க வேண்டும். வியர்வையோடு உப்பும் போகிறது. அதனால்தான் மதுரைத் திருவிழாவில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். மோரில் உப்பு, பானகத்தில் வெல்லம். அற்புதமான வழக்கம். அதற்கு ஊற்றும் தண்ணீர் நல்ல தண்ணீரா, போடும் ஐஸ் தின்னும் ஐஸா என்பதை மட்டும் பந்தல் போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன் போன்றவை கெடாமல் வைக்கத் தயாரிக்கும் ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்பது 2018 முதல் விதி. நீலமாக இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

கட்டுச்சோற்றுப் பையில் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு கட்டாயம் இருக்கட்டும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். பொட்டலம் இல்லையா? காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டி தலை தட்டியதாக இருக்க வேண்டும், உப்பு கூடிவிடக் கூடாது. ஊறுகாயும் நார்த்தங்காயும் மாவடுவும் உப்பைத் தருவது உண்மைதான். ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் மட்டும் அவற்றை அளந்து தொட வேண்டும்.

இந்தக் கலையில் ஒரு குறையும் உண்டு. அது வயிற்றைக் காத்தது. வெயிலை அவ்வளவு கணக்கில் எடுக்கவில்லை. மர நிழலும் மண் சாலையும் இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்திருக்கலாம். இன்று சிமெண்டுத் தரையும் தார்ச்சாலையும் அனலைத் திருப்பி அடிக்கின்றன. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. கத்திரி வெயில் நாட்களில், மே 4ஐ ஒட்டித் தொடங்கி 28 வாக்கில் முடிகிற அந்த மூன்றரை வாரத்தில், பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை நிழலில்தான் இருக்க வேண்டும். சாப்பாட்டைப் பிரிக்க அதுவே நல்ல நேரம். ஒருவர் உளறுகிறார், தள்ளாடுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெறும் களைப்பு இல்லை. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. நிழலுக்குத் தூக்கிப் போய், உடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். தூங்குகிற குழந்தையைப் பூட்டிய காரில் ஐந்து நிமிடம்கூட விடக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தையும் காரில் விடக் கூடாது.

ஆற்றங்கரைச் சாப்பாட்டில் நான் அதிகம் பயப்படுவது இலை போடும் நேரத்துக்குத்தான். பெரியவர்கள் எல்லோரும் தூக்கைத் திறப்பதிலும் பரிமாறுவதிலும் இருப்பார்கள்; பிள்ளைகள் நைசாகத் தண்ணீருக்குப் போய்விடுவார்கள். மணல் அள்ளிய ஆற்றில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. கடலில் அலை சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கலாம். பெரியவர்களில் ஒருவராவது முதல் பந்தியில் உட்காராமல் இருக்க வேண்டும். அவர் கண் பிள்ளைகள் மேலேயே இருக்க வேண்டும், கையில் செல்போன் இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கலை முழுக்கப் பெண்களின் தூக்கத்தில் கட்டியது. மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டியவர், ஊர் போய்ச் சேரும்போது களைத்துச் சுருண்டிருப்பார். வெயில் முதலில் சாய்ப்பதும் அவரைத்தான். புளிக்காய்ச்சலை முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆண்கள் காய்ச்சட்டும். இலை வாட்டுவதும் இட்லிக்குப் பொடி தடவுவதும் பிள்ளைகளால் முடியும். தயிர்சோற்றுக்கு உறை விடும் பதத்தை மகனுக்கும் மகளுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். பக்கத்தில் நிறுத்தி, பால் பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்க வைத்தால்தான் அந்தச் சூடு பிடிபடும்.

கடைசியாக, மிஞ்சிய சோறு. மதியம் பிரித்த தூக்கில் சாயங்காலம் மிச்சம் இருந்தால் மனம் கேட்காது. ராத்திரிக்கு ஆகுமே என்று மூடி எடுத்து வருவோம். முகர்ந்து பார்த்தால் நல்ல வாசனைதான் வரும். ஆனால் நான் முன்பு சொன்ன நஞ்சுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணி, ஒரு பிடி குறைவாகவே வடியுங்கள். பற்றாமல் போனால் வாழைப்பழம் இருக்கிறது, அவல் பொரி இருக்கிறது. அதையும் மீறி மிஞ்சினால் அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, தூக்கைக் கழுவிக் கவிழ்த்து எடுத்து வாருங்கள்.